பாசிட்டிவ்

காசிராஜனுக்கு இங்கிலீஷில் ஒரு நாற்பது வார்த்தை தெரியும். நாற்பதும் அச்சாபீஸ் வார்த்தை. நாற்பத்தொன்றாவதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள அவனுக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்குத்தான் அவன் வீடு பலியானது. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? நடந்தது அதுதான். எப்படி நடந்தது என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சிவகாசியில் காலண்டரும் வெடிக்கட்டு லேபிளும் அடிக்கிற ஒரு லித்தோ பிரஸ்ஸில் பதினாறு வருஷமாகக் கேமரா ரூம் அவன் பொறுப்பில் இருந்தது. ஒரு சாமி படத்தை அச்சுக்குக் கொண்டுபோக முதலில் அதை நெகட்டிவ் எடுக்க வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். லட்சுமிக்கு முடி வெளுத்திருக்கும், பல் கறுத்திருக்கும், பார்க்கவே சகிக்காது. அதில் இருக்கிற ஓட்டை உடைசலைத் தூரிகையால் அடைத்துச் சரி செய்து, அதிலிருந்து பாசிட்டிவ் எடுத்தால்தான் லட்சுமிக்கு லட்சுமி முகம் வரும். நெகட்டிவ் என்றால் குறை இருக்கிறது, வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். பாசிட்டிவ் சுத்தமாக வந்துவிட்டால் முதலாளிக்குச் சேதி போகும். பிளேட் போடலாம், மிஷினை ஓட்டலாம், இனிக் கவலையில்லை. இந்த இரண்டு வார்த்தைகளையும் காசிராஜன் ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது சொல்லியிருப்பான்.

பிரஸ்ஸில் அவனுக்கு 'இங்கிலீஷ் காசி' என்று பட்டப்பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான். வெளுத்த சட்டையும் பையில் பேனாவுமாகத் தெருவில் நடப்பான். தெருக்காரர்கள் மணியார்டர் பாரமும் தந்தியும் கொண்டுவந்து நீட்டினால், தெரிந்ததைப் படித்துத் தெரியாததை ஊகித்துச் சொல்லிவிடுவான். பெரும்பாலும் ஊகம் சரியாக இருக்கும். அதுதான் கெடுதல்.

வீட்டில் மூன்று பேர். காசிராஜன், அவன் மனைவி பொன்னுத்தங்கம், அவன் தங்கை செல்லக்கனி. கல்யாணமாகிப் பொன்னுத்தங்கம் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது செல்லக்கனி இரண்டு வயசுக் குழந்தை. அடுத்த வருஷமே மாமியார் கண்ணை மூடிவிட்டாள். பொன்னுத்தங்கத்துக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவள் பால்சோறு ஊட்டியதும், தலை பின்னியதும், வயசுக்கு வந்தபோது சீலை கட்டிவிட்டதும் இந்த நாத்தனாருக்குத்தான். 'மதினி' என்று செல்லக்கனி கூப்பிடுவதில் 'அம்மா'வும் சேர்ந்தே இருந்தது.

அறுபத்து மூன்றாம் வருஷம் செல்லக்கனிக்குப் பத்தொன்பது வயசு. விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருந்த வெள்ளைத்துரை நாடார் தன் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார். தை மாசம் கல்யாணம். ஆவணியில் ஒரு நாள், குளித்துவிட்டு வந்த செல்லக்கனி அழுதுகொண்டே மதினியிடம் மார்பைக் காட்டினாள். வலது பக்கம் ஒரு கட்டி. தொட்டால் வலித்தது. மாசமாசம் தீட்டு நாள் நெருங்க நெருங்க வலி கூடியது.

பொன்னுத்தங்கம் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் இடது மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் ஒன்று இருந்தது. ஒரு வருஷமாக இருந்தது. நெல்லிக்காய் அளவு. வலியில்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கிற கட்டிதான் பொல்லாதது, வலிக்காதது கிடந்துவிட்டுப் போகும் என்பதில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் காசிராஜன் இருவரையும் கூட்டிப்போனான். போனது செல்லக்கனிக்காக. பொன்னுத்தங்கம் துணைக்குப் போனவள். ஆனால் திரைக்குப் பின்னால் செல்லக்கனி ரவிக்கையைக் கழற்ற வெட்கப்பட்டு அழுதபோது, "இதுல என்னடீ இருக்கு, இந்தா நானும் காட்டுறேன்" என்று பொன்னுத்தங்கமும் காட்டினாள். டாக்டரம்மா செல்லக்கனியை இரண்டு நிமிஷம் பார்த்தாள். பொன்னுத்தங்கத்தைக் கால்மணி நேரம் பார்த்தாள். இருவருக்கும் மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியிலிருந்து துளித்துளி சதை வெட்டியெடுத்து, புற்றா என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்து வரச் சொன்னாள்.

பத்தாம் நாள் காசிராஜன் மட்டும் போனான். புரட்டாசி மாசம், காலண்டர் சீசன் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி அரைநாள் லீவுக்கே முகத்தைச் சுளித்தார். அவன் போன நேரம் டாக்டரம்மா இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார்.

"ரிசல்ட் வந்துருக்கா சார்?"

"வந்திருக்கு. டாக்டரம்மா ஊர்ல இல்ல, வியாழக்கிழமைதான் வருவாங்க. ரெண்டு பேஷண்டையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவங்க சொல்லுவாங்க."

"வீட்ல ரெண்டு பொம்பளைகளும் உசிரக் கையில புடிச்சிட்டு இருக்காக சார். நீங்களே சொல்லிருங்க."

"நான் சொல்லக் கூடாதுங்க. சொன்னாலும் உங்களுக்கு வெளங்கணுமே. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு."

அந்த ஒரு வார்த்தை காசிராஜனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும் சார். சிவகாசியில பிரஸ்ல கேமரா டிபார்ட்மெண்டே நாந்தான். நீங்க காட்டுங்க, போதும்."

குமாஸ்தா அவன் சட்டையைப் பார்த்தார், பையிலிருந்த பேனாவைப் பார்த்தார். படித்தவர்தான் போல என்று எண்ணிக்கொண்டாரோ என்னவோ, நோட்டை அவன் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். நீளநீளமான வார்த்தைகள் நிறைய இருந்தன. அதையெல்லாம் காசிராஜன் தாண்டிப்போனான். கடைசிக் கட்டத்தில், பொன்னுத்தங்கம், வயது முப்பத்தாறு என்ற பெயருக்கு நேரே 'பாசிட்டிவ்' என்று இருந்தது. செல்லக்கனி, வயது பத்தொன்பது என்பதற்கு நேரே 'நெகட்டிவ்'.

"புரிஞ்சதுங்களா?" என்றார் குமாஸ்தா, குரலைத் தாழ்த்தி.

காசிராஜன் நோட்டை அவர் பக்கமே திருப்பி வைத்தான். "புரிஞ்சது சார்" என்றான்.

"மனசத் தளரவிடாதீங்க. வியாழக்கிழமை தவறாமக் கூட்டிக்கிட்டு வந்திருங்க."

அப்படியென்றால் என்ன என்று அவன் அந்த இடத்தில் கேட்டிருக்கலாம். இரண்டே இரண்டு வார்த்தை. கேட்க வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தினமும் ஐம்பது முறை சொல்கிற வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிற ஆள் உண்டா? தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டான். இங்கிலீஷ் தெரியும் என்று அப்போதுதானே சொல்லியிருந்தான்.

விருதுநகர் வரை ரயிலில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி அழுதுகொண்டே வந்தான். கல்யாணம் பேசி முடித்த பெண்ணுக்குப் புற்று. அழுகைக்கு நடுவே, பெண்டாட்டி தப்பித்துக்கொண்டாள் என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், எது வேண்டும் என்று யாரோ கேட்டு, தங்கச்சி போனால் போகட்டும் என்று தானே சொல்லிவிட்டது போலப் பட்டது. அதற்குப் பிறகு அவன் தங்கச்சிக்காகச் செய்ததெல்லாம் இந்த அருவருப்பைக் கழுவத்தான்.

அடுப்படியில் பொன்னுத்தங்கத்திடம் ரகசியமாகச் சொன்னான். "உனக்கு ஒண்ணுமில்ல. பாசிட்டிவ்னு வந்துருக்கு. கனிக்குத்தான் நெகட்டிவ்வாயிருச்சு."

"அப்படீன்னா?"

"அவளுக்குப் புத்து. உனக்குச் சுத்தம்."

பொன்னுத்தங்கம் அகப்பையைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்கு வந்துருக்கக் கூடாதா? வாள்ந்து முடிச்சவ எனக்கு வந்துருக்கக் கூடாதா, ஆத்தா மாரி?" என்று அவள் வாய்விட்டு அழுத சத்தத்தில் செல்லக்கனி எழுந்து வந்து வாசல்படியில் நின்றாள். மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை செல்லக்கனி மதுரைக்கு வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வீட்டு வள்ளித்தாய் முந்தின நாள்தான் வந்து, சாத்தூரில் யாருக்கோ மாரில் கத்தி வைத்ததையும், கத்தி பட்ட மூணாம் மாசம் ரோகம் உடம்பெல்லாம் பரவிச் செத்துப்போனதையும் விவரமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "என்னைய அறுக்கக் குடுக்காதீக அண்ணே. சாகுறத முளுசாச் சாகுறேன்" என்றாள் செல்லக்கனி. காசிராஜனுக்கு அவளை இழுத்துக்கொண்டு போகத் தெம்பில்லை. வெட்டின துளிச் சதைக்கே ரோகம் கிளம்பியிருக்குமோ என்று அவனுக்கும் உள்ளூரப் பயம். அன்றைக்கே கல்கத்தா ஆர்டருக்குப் பாசிட்டிவ் கொடுக்க வேண்டியும் இருந்தது. பொன்னுத்தங்கத்தை மட்டுமாவது கூட்டிப்போவோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நன்றாக இருக்கிறவளுக்கு டாக்டர் எதற்கு?

மறுவாரம் விருதுநகருக்குப் போய் வெள்ளைத்துரை நாடாரிடம், பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, புற்று, உங்களை ஏமாற்ற மனசு வரவில்லை என்று அவனே சொல்லிவிட்டு வந்தான். அவர் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு நேர்மையா யாரும் வந்து சொல்லமாட்டாக தம்பி" என்றார். தையில் அதே முகூர்த்தத்தில் சாத்தூர்ப் பெண் ஒருத்தியைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தார். அந்தச் சேதி வந்த அன்று செல்லக்கனி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு வைத்தியர் வந்தார். பச்சிலை அரைத்துப் பற்றுப்போடச் சொன்னார். உப்பில்லாப் பத்தியம், புளி கூடாது, வெயில் கூடாது, எழுந்து நடமாடக் கூடாது. விடியுமுன் எழுந்து பச்சிலை அரைப்பதும், தனிச்சோறு வடிப்பதும், படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவதும் பொன்னுத்தங்கம். செல்லக்கனி பாயில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். சாகப்போகிறோம் என்று நம்பிவிட்ட பத்தொன்பது வயசுக்காரிக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? உப்பில்லாச் சோற்றில் அவள் மெலிந்தாள். அது ரோகத்தின் வேலை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

பொன்னுத்தங்கமும்தான் மெலிந்தாள். அதைத் தெருவே மெச்சியது. நாத்தனாருக்காக உருகி உருகி எலும்பும் தோலுமாகிவிட்டாள், இப்படி ஒரு மதினி எந்த ஊரில் கிடைப்பாள் என்றார்கள். காசிராஜனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை, அவன் பிரஸ்ஸுக்குக் கிளம்பும்போது பொன்னுத்தங்கம் உள்ளறைக்குக் கூப்பிட்டாள்.

"இங்கன பாருங்க. தோலு உள்ள இளுக்குது. எலுமிச்சந்தோல் மாதிரி குளிகுளியா இருக்கு."

அவன் பார்த்தான். ஒரு கணம் பயம் வந்தது. நோட்டில் பார்த்த வார்த்தை அதை அடக்கிவிட்டது.

"உனக்குத்தான் பாசிட்டிவ்னு வந்துருச்சுல்ல? என் கண்ணால நோட்டுல பாத்தேன். கத்தி பட்ட எடம், ஆறும்போது அப்படித்தான் இளுக்கும்."

"வலிக்கத்தான் இல்ல" என்றாள் அவள்.

"பெறகென்ன?"

அவளும் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு பச்சிலை அரைக்கப் போனாள். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தெருவே அவனிடம் தந்தி படிக்க வருகிறதே.

மார்கழியில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அம்மி அரைத்து அரைத்து முதுகு விட்டுப்போச்சு என்றாள். தையில் இடது கை வீங்க ஆரம்பித்தது. வளையலைச் சோப்புப் போட்டுக்கூடக் கழற்ற முடியாமல் உடைத்தெடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்த வீட்டில் நோயாளி இன்னார் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

தை கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாகப் பொன்னுத்தங்கம் நேர்ந்திருந்தாள். செல்லக்கனி உயிருக்காக. சாத்தூர் வரை பஸ், அங்கிருந்து நடை. மஞ்சள் சீலை உடுத்தி, ஈரத்தலையோடு அவள் முன்னால் நடந்தாள். காசிராஜன் பின்னால் நடந்தான். வழியெல்லாம் கூட்டம். ஆற்று மணலில் கோயிலுக்கு எதிரே பூசாரி வேப்பிலை சுற்றிய சட்டியில் நெருப்பை வளர்த்து அவளிடம் நீட்டினார்.

வலது கை நீண்டது. இடது கை மார்பு மட்டத்துக்கு மேல் வரவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். வரவில்லை. ஒரு கையால் தாங்கப் பார்த்தாள். சட்டி சரிந்து மணலில் விழுந்து உடைந்தது. கங்கு சிதறிக் கூட்டம் விலகியது. "ஆத்தா ஏத்துக்கலையே!" என்று யாரோ ஒரு கிழவி கத்தினாள். பொன்னுத்தங்கம் சிதறிய கங்கின் நடுவே மண்டியிட்டு, "என் புள்ளைய எடுத்துக்கிறாத தாயே, நான் என்ன கொறை வச்சேன்" என்று மணலில் நெற்றியை மோதினாள். அவளைத் தூக்கிவிடக் காசிராஜன் கைக்கூட்டில் கை கொடுத்தான். அங்கே, அக்குளுக்குள், கூழாங்கற்கள் போலக் கொத்தாக ஏதோ அவன் விரலில் தட்டுப்பட்டது.

திங்கட்கிழமை அவன் லீவு கேட்கவில்லை. சொல்லாமலே பொன்னுத்தங்கத்தை மதுரைக்குக் கூட்டிப்போனான். கைவீக்கத்துக்குக் காட்டத்தான். அப்போதும் வாதமாக இருக்கும் என்றுதான் எண்ணினான், அல்லது அப்படி எண்ணிக்கொள்ளப் பார்த்தான்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் பொன்னுத்தங்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. பழைய நோட்டை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினாள்.

"செப்டம்பர்ல வரச் சொல்லியிருக்கு. ஏன் கூட்டிக்கிட்டு வரல்ல?"

"பாசிட்டிவ்னு வந்துச்சே டாக்டரம்மா."

"ஆமா. பாசிட்டிவ்னுதான் வந்துச்சு. அதனாலதான் கேக்கிறேன், ஏன் வரல்ல?"

இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காசிராஜன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"பாசிட்டிவ்னா... நல்லதுதான டாக்டரம்மா?" என்றான். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டான்.

டாக்டரம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் கோபம் அப்படியே வடிந்துபோய் உட்கார்ந்தாள்.

"தேடினது இருக்குன்னு அர்த்தம். நாங்க தேடினது புத்து. அது உங்க சம்சாரத்துக்கு இருந்தது. உங்க தங்கச்சிக்கு நெகட்டிவ். தேடினோம், இல்ல. அது சாதாக் கட்டி, அந்த வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றது. விட்டாலும் ஒண்ணும் பண்ணாது."

"அப்ப... இவளுக்கு இப்ப அறுத்து எடுத்துரலாமுல்ல?"

"செப்டம்பர்ல வந்திருந்தா எடுத்திருக்கலாம். எத்தனையோ வருஷம் இருந்திருக்கக் கூடும். இப்ப கைக்கூட்டுக்குப் போயிருச்சு, முதுகெலும்புக்கும் போயிருச்சுன்னு நெனைக்கிறேன். கரண்ட் வச்சு, அதாவது கதிர் காட்டி, வலியக் கொறைக்கலாம். அவ்வளவுதான்."

"அவகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிடுறேன்" என்றான் காசிராஜன்.

"வேண்டாம்" என்றாள் டாக்டரம்மா. "உங்க வழியாச் சொன்னது போதும். அவங்ககிட்ட நானே தமிழ்ல சொல்றேன். நீங்க வெளிய இருங்க."

அவன் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்துப் பொன்னுத்தங்கம் முந்தானையைச் சரிசெய்தபடி வெளியே வந்தாள். அவன் எழுந்தான். அவள் அவனைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவன். திருமங்கலம் தாண்டியது, கள்ளிக்குடி தாண்டியது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்று, ஆட்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"அஞ்சு மாசமா நான் யாருக்கு அளுதேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தக் குமாஸ்தாகிட்ட, அப்படின்னா என்னய்யான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்" என்றான்.

"கேட்டிருக்கலாம்" என்று அவளும் சொன்னாள். அவள் தன்னைத் திட்டினால் நன்றாயிருக்கும் என்று அவனுக்கு இருந்தது. நாலுபேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் முதுகுவலிக்கு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி சிவகாசி வரை உட்கார்ந்திருந்தாள்.

வீடு சேரும்போது மணி நாலு. காசிராஜன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் நேரே உள்ளறைக்குப் போனாள். அவன் பின்னாலேயே போனான். கதவுப் பக்கம் வந்ததும் அவள் திரும்பி, "நீங்க வராதீக" என்று சொல்லிக் கதவை ஒருக்களித்தாள். அவன் கதவுக்கு வெளியே நின்றான்.

"எந்திரிடீ கனி. உனக்கு ஒண்ணுமில்லயாம்."

"சரி மதினி" என்றது செல்லக்கனியின் குரல், களைப்பாக.

"நெசமாத்தான் சொல்றேன். டாக்டரம்மா சொன்னாக. உனக்குப் புத்தே கெடையாதாம்."

"வைத்தியரும் அப்படித்தான் சொல்லுதாரு. வள்ளித்தாயக்காவும் சொல்லிட்டுப் போச்சு, முகம் தெளிஞ்சிருக்குன்னு. எனக்குத் தெரியும் மதினி. நீங்க ஏன் பொய் சொல்லிச் சங்கடப்படுறீக? நான் அளல."

அஞ்சு மாசமாக எல்லாரும் ஆறுதல் என்று பொய்யாகச் சொல்லிச் சொல்லி, உண்மையைச் சொல்ல வார்த்தையே மிச்சமில்லாமல் போயிருந்தது. உள்ளே ரவிக்கைக் கொக்கி கழல்கிற ஓசை கேட்டது.

"கையக் கொண்டாடீ."

"என்ன மதினி?"

"கொண்டான்னா. இங்கன வை. உன் கட்டிமேல. நகட்டிப் பாரு. நளுவுதா?"

"ம்."

"தோலுக்கடியில பச்சைப் பட்டாணி மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுதுல்ல?"

"ம். ஓடுது."

"அது ஓடணும். ஓடுறது ஒண்ணும் செய்யாது. அதுபாட்டுக்குக் கெடக்கும். வலிச்சாலும் கெடக்கும். இப்ப இங்கன வை."

"மதினி, எதுக்கு..."

"வைடீ. அமுத்து. நகட்டு பாப்போம். நகருதா?"

"நகரல மதினி."

"நல்லா அமுத்தித்தான் பாரேன். எனக்கு வலிக்காது. நெஞ்செலும்போட ஒட்டிக்கிருச்சு. வேர் விட்டுருச்சாம். இந்தா, அக்குளுக்குள்ள கைய விடு. இதெல்லாம் அதோட குட்டி. இதுதான்டீ புத்து. உன்னோடது இல்ல. தொட்டுப் பாத்தாலே தெரியுது பாரு, ரெண்டும் வேற வேறன்னு. டாக்டரம்மா என் கையப் புடிச்சுத் தொடவச்சுக் காட்டினாக. ரெண்டு நிமிசத்துல எனக்கு வெளங்கிருச்சு. இதுக்கு என்னத்துக்கு இங்கிலீஷ்?"

காசிராஜன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே பாய் சரசரத்தது. அஞ்சு மாசமாக எழுந்திருக்காத செல்லக்கனி எழுந்து நின்றிருக்க வேண்டும். அடுத்து அவள் குரல் கிளம்பியது. "மதினீ" என்று முதலில் கூப்பிட்டாள். அப்புறம், அந்த வீட்டுக்கு அவள் மதினி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வாய்விட்டுக் கூப்பிடாதபடி, "அம்மா, அம்மா" என்று கத்த ஆரம்பித்தாள்.

"சத்தம் போடாத தாயி" என்று பொன்னுத்தங்கம் சொல்வது கேட்டது. "பசிக்குதுடீ எனக்கு. போயி உலை வை. உப்புப் போட்டு ஆக்கு, நாம ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

கதவு திறந்தது. செல்லக்கனி சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிப் பக்கம் நடந்துபோனாள். அண்ணன் அங்கே நிற்பதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு அவனைத் தாண்டிப் போனாள்.